நீல மூடி போட்ட ஏனம்

“ஏனுங்க, வெறும் ஏனத்தை எப்படீங்க திருப்பிக் குடுக்கறது?”

கண்மணி இதை மூன்றாவது தடவையாகக் கேட்டாள். அவளுக்குப் பாத்திரம் எப்போதும் ஏனம்தான். அமெரிக்கா வந்து பதினெட்டு வருஷமாகியும் அது மாறவில்லை.

சமையல் மேடையில் நீல மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரம் ஒன்று கழுவித் துடைத்து உட்கார்ந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை இவர்கள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், நாலு வீடு தள்ளி இருக்கும் டாரத்தி அம்மாள் அதில் சுக்கினிக்காய் போட்டுச் சுட்ட இனிப்பு ரொட்டி வைத்து வாசலில் விட்டுப் போயிருந்தார். மேலே ஒரு துண்டுச்சீட்டு. அதில் ‘டாரத்தி’ என்று கையெழுத்து, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். மூடியின் உள்பக்கம் லேசாக மஞ்சள் கறை. வெள்ளைக்காரர்களும் மஞ்சள்தூள் போட ஆரம்பித்துவிட்டார்களா என்று கண்மணி ஆச்சரியப்பட்டாள்.

“குடுத்துத்தான் ஆகோணும். வெறும் ஏனமாத்தான் குடுக்கோணும்,” என்றார் கிட்டுசாமி.

“எங்கம்மா கேட்டா என்ற தோலை உரிச்சுப்போடுவாங்க.”

“உங்கம்மா கோபிச்செட்டிபாளையத்துல இருக்காங்க. ஸோனிங் போர்டு இங்கிருக்குது.”

ஊரில் யார் எதை எங்கே கட்டலாம் என்று தீர்மானிக்கும் அந்த ஸோனிங் போர்டுதான் இப்போது கிட்டுசாமியின் தூக்கத்தைப் பறித்துக்கொண்டிருந்தது.

நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் ஆல்டர் ஹாலோ என்று ஒரு டவுன்ஷிப் வரும். சோளக்காடு, குதிரை லாயம், ஒரு தீயணைப்பு நிலையம், நாலாயிரம் ஜனம். வீட்டோடு ஒரு ஏக்கர் நிலமும் சேர்ந்து வருகிறதே என்ற சபலத்தில் இரண்டு வருஷத்துக்கு முன் கிட்டுசாமி இங்கே குடிவந்தார். கூடவே கண்மணியும், மகள் பிரீத்தியும், பதினாலு கருவேப்பிலைச் செடிகளும், இரண்டு முருங்கையும் வந்தன. அக்டோபரில் குளிர் தொடங்கியதும் தொட்டிகள் எல்லாம் சாப்பாட்டு அறைக்குள் வந்துவிடும். மே மாதம்தான் வெளியே போகும். அதுவரை மனிதர்கள் சோபாவில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட வேண்டும்.

இந்த வருஷம் செடிகளுக்கென்றே கொல்லையில் ஒரு கண்ணாடிக் கொட்டகை கட்டினார். எல்லையிலிருந்து பத்தடி தள்ளிக் கட்ட வேண்டும் என்பது சட்டம். கட்டியவன் தப்பான வேலிக் கம்பத்திலிருந்து அளந்து ஆறடியிலேயே கட்டிவிட்டுப் போய்விட்டான். அந்தப் பக்கம் இருப்பது சோளம்தான். சோளம் ஒரு புகாரும் சொல்லவில்லை. இருந்தாலும் போர்டு சிறப்பு அனுமதி தந்தால்தான் கொட்டகை நிற்கும். இல்லாவிட்டால் இடிக்க வேண்டும். விசாரணைக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது.

போர்டில் ஐந்து பேர். மூன்று ஓட்டு வேண்டும். ஒருவர் ஃப்ளோரிடாவுக்குப் பேரனைப் பார்க்கப் போயிருந்தார். இன்னொருவர் கஸ். பள்ளிக்கூடத்தில் ஊஞ்சல் வைக்கலாமா என்று கேட்டதற்கே ‘நோ’ சொன்ன மகானுபாவர். மிச்சம் மூன்று பேர். அந்த மூன்றில் ஒருவர்தான் டாரத்தி.

‘விண்ணப்பதாரர் போர்டு உறுப்பினருக்கு எதையும் தரக் கூடாது’ என்று விதிமுறை நோட்டீசில் ஒரு வரி இருந்தது. மைக்ரோவேவ் அடுப்போடு வந்த புத்தகத்தையே அட்டை முதல் அட்டை வரை படிக்கிற கிட்டுசாமி, அந்த வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார்.

“அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ டிஷ்,” என்றாள் பிரீத்தி போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சரி, ஒண்ணு செய்யலாங்க,” என்றாள் கண்மணி. “பலகாரம் வேண்டாம். ஒரே ஒரு ஸ்பூன் சக்கரை. எங்கூர்ல ஒண்ணுமில்லாத வீட்டுல கூட அப்படித்தான் செய்வாங்க. அதுக்கு யாரு கேஸ் போடுவாங்க?”

கிட்டுசாமி யோசித்தார். ஒரு ஸ்பூன் சர்க்கரையை லஞ்சம் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது. ஒப்புக்கொண்டார். நாட்டுச் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் தீர்ந்துபோயிருந்தது. அது மட்டும் தீராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. கண்மணி வெள்ளை அஸ்கா சர்க்கரையை ஒரு ஸ்பூன் போட்டு மூடினாள். கிட்டுசாமி அதை ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்து டாரத்தி வீட்டு வாசலில் வைத்தார். பேர் எழுதினால் அன்பளிப்பு மாதிரி ஆகிவிடும் என்று பேர் எழுதவில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தொப்பியை வேறு கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

டாரத்தி அம்மாள் தங்கையைப் பார்க்கப் பென்சில்வேனியா போயிருந்த விஷயம் அவருக்குத் தெரியாது.

மறுநாள் தபால் கொண்டுவந்த அம்மாள், பேரில்லாத ஒரு பையையும், அதன் முடிச்சு வழியாகச் சிந்திய வெள்ளைத் தூளையும் பார்த்து, விஷப்பொடி என்று பயந்து போன் போட்டார். பதினைந்து நிமிஷத்தில் போலீஸ் வந்தது. ஆல்டர் ஹாலோவில் இருக்கும் இரண்டு தீயணைப்பு வண்டிகளும் வந்தன. விண்வெளிக்குப் போகிறவர் மாதிரி உடை போட்ட ஒருவர் நீண்ட இடுக்கியால் அந்தப் பையைத் தூக்கினார். தெருவை மஞ்சள் நாடாவால் கட்டினார்கள். ஆபீசிலிருந்து வந்த கிட்டுசாமியின் கார் நாடாவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

“என்னாச்சுங்க ஆபீசர்?” என்று கேட்டார்.

“போர்டு மெம்பர் வீட்டுல யாரோ மர்மமான பொடி வெச்சிருக்காங்க சார். தொப்பி போட்ட ஒரு ஆளைத் தேடறோம்.”

கிட்டுசாமி மெதுவாகத் தொப்பியைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

அந்த வாரம் ‘ஆல்டர் ஹாலோ பெல்’லில் அதுதான் தலைப்புச் செய்தி. வாரத்துக்கு ஒருமுறை வரும் நாலு பக்கத் தாள் அது. எழுதுவது, அச்சடிப்பது, பிழை திருத்துவது எல்லாமே டவுன்ஷிப் கிளார்க் பெர்னாடெட் அம்மாள்தான். கிட்டுசாமி வாசலில் நின்றபடியே படித்தார்.

‘மர்மப் பொடி: பரிசோதனையில் சர்க்கரை என்று தெரியவந்தது. உள்நோக்கம் தெரியவரவில்லை.’

அதற்குக் கீழே வழக்கமான அறிவிப்புகள். மில் ரோட்டுக் குழி இந்த வாரமும் மூடப்படவில்லை. குளத்து வாத்துகளுக்கு ரொட்டி போடாதீர்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்த டிசம்பர் பாட்லக் விருந்தில் காணாமல் போன பொருள் இன்னும் வந்து சேரவில்லை. எடுத்தவர் யாரென்று அவர் மனசாட்சிக்குத் தெரியும். மூன்றாம் தெருவில் ஒரு கோழி தனியாகத் திரிகிறது.

“ஐயோ, உள்நோக்கம்னு எழுதிப்போட்டாங்களே கண்மணி!”

“உள்நோக்கம் என்னுங்க, மரியாதைதானுங்க. போய்ச் சொல்லிப்போட்டு வாங்க.”

டாரத்தி ஊரிலிருந்து வந்ததும் கிட்டுசாமி போய் விஷயத்தைச் சொன்னார். எங்கள் ஊரில் பாத்திரத்தை வெறுமனே அனுப்பமாட்டோம், அதனால்தான் ஒரு ஸ்பூன் சர்க்கரை என்று ஆரம்பித்தவரை டாரத்தி முடிக்கவே விடவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“கிட், இந்த ஊர் போலீசுக்கு ரெண்டு வருஷமா வேலையே இல்ல. நீ ஒரு புண்ணியம் பண்ணியிருக்கே!”

போலீஸ் ஸ்டேஷனுக்கு அவரே போன் போட்டு விவகாரத்தை முடித்துவைத்தார். கிட்டுசாமி நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த நிம்மதி ஒரு நாள்தான் நீடித்தது.

மறுநாள் மாலை வாசலில் அதே நீல மூடிப் பாத்திரம். யார் வாசலிலிருந்து எடுத்தார்களோ அவர்களிடமே போலீஸ் திருப்பிக் கொடுத்திருக்கிறது. டாரத்தி அதில் விளிம்புவரை பீச் காப்ளர் என்ற பழ இனிப்பை நிரப்பி, ‘தொந்தரவுக்கு வருந்துகிறேன்’ என்று எழுதி, மறுபடியும் ஒரு சிரிக்கும் முகம் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கிட்டுசாமி அதை வெடிகுண்டு மாதிரி பார்த்தார். பிரீத்தி ஒரு கரண்டியோடு வந்தாள்.

“தொடாதே! அது எவிடென்ஸ்!”

“இட்ஸ் வாம், அப்பா,” என்று சொல்லிப் பாதி எவிடென்ஸைத் தின்றுவிட்டாள்.

இனிமேல் எதையும் சட்டப்படிதான் செய்வது என்று கிட்டுசாமி முடிவெடுத்தார். கிளார்க் பெர்னாடெட்டுக்கு ஒரு பக்கம் முழுக்க மெயில் எழுதினார். போர்டு உறுப்பினர் ஒருவரின் பாத்திரத்தைத் திருப்பித் தருவது எப்படி என்று கேட்டார். பெர்னாடெட் அம்மாள் முப்பது வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர். தேவையில்லாத ஒரு வார்த்தை அவரிடமிருந்து வராது. பதில் மூன்றே வரி.

‘காலிப் பாத்திரம் உங்கள் சொந்த விஷயம். காலியாக இல்லாத பாத்திரம் பொது ஆவணம். படிவம் இணைத்திருக்கிறேன்.’

கிட்டுசாமி அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். “பாத்தியா? கவர்ன்மென்டே சொல்லிப்போட்டாங்க. வெறும் ஏனம். அவ்வளவுதான்.”

“சரீங்க,” என்றாள் கண்மணி.

பதினெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் ஒரே பேச்சில் சரி என்று சொன்னதே இல்லை. அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

“எங்கே அந்தப் பாத்திரம்?”

“பிரீத்தி நாலு மணிக்கே கொண்டுபோய்க் குடுத்துப்போட்டா.”

“வெறும் ஏனமாத்தானே?”

கண்மணி அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே இன்னொருக்கா துடைத்தாள்.

“எத்தனை?” என்றார் கிட்டுசாமி, குரல் எழும்பாமல்.

“இருவது ஒப்புட்டுங்க. தேங்காப் பூரணம். நெய் கொஞ்சமாத்தான் விட்டேன்.”

வேறு வழியில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். பொருள்: ஒப்புட்டு, அதாவது இனிப்புப் போளி. வடிவம்: வட்டம். எண்ணிக்கை: 20. ‘கொடுத்ததற்கான காரணம்’ என்ற கட்டத்துக்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ‘மனைவி’ என்று எழுதினார்.

அடுத்த வாரப் பெல்லில் படிவம் அப்படியே அச்சானது. அதற்கடுத்த வாரம் கஸ் எழுதிய கடிதம் வந்தது. ‘இந்த டவுன்ஷிப்புக்கு நாற்பது வருஷமாக உழைக்கிறேன். இதுவரை என் வீட்டுக்கு ஒரு வட்டம்கூட வந்ததில்லை. இது என்ன நியாயம்?’ தபால் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் கிட்டுசாமியின் தோளைத் தட்டி, “நீதானே அந்த வட்டத்து ஆள்?” என்று கேட்டார். டவுன்ஷிப் வக்கீலிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. டாரத்தி இந்த வழக்கில் ஓட்டுப் போடலாமா கூடாதா என்பதை விசாரணையன்று முதலில் தீர்மானிப்பார்களாம்.

டாரத்தி விலகினால் இரண்டு ஓட்டுதான். இரண்டு ஓட்டில் கொட்டகை நிற்காது. கிட்டுசாமி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். கருவேப்பிலைச் செடிகள் கண்ணாடிக்குப் பின்னால் தளதளவென்று நின்றன. இவ்வளவு செழிப்பாக அவற்றை அவர் பார்த்ததே இல்லை.

திரும்பி உள்ளே வந்தால் மேடையில் நீல மூடிப் பாத்திரம். ஒப்புட்டு தேவாமிர்தமாக இருந்ததென்று டாரத்தி அதில் ஆப்பிள் பை சுட்டு அனுப்பியிருந்தார்.

“போதும்!” என்றார் கிட்டுசாமி. அவர் கத்தி பிரீத்தி கேட்டதே இல்லை. போனை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “விசாரணைக்கு இந்த ஏனத்தைக் கொண்டு போறோம். எல்லாரும் பாக்க, வெறும் ஏனமா, அந்தம்மா கையில குடுக்கறோம். உள்ள ஒரு கடுகு கூட இருக்கப்படாது.”

கண்மணியின் கண் கலங்கிவிட்டது. “ஊரே கூடியிருக்கற எடத்துலயாங்க? நான் பொறந்ததுலிருந்து ஒருத்தருக்கும் வெறும் ஏனம் குடுத்ததில்லீங்க.”

“உன்ற கருவேப்பிலைக்காகத்தான் சொல்றேன் கண்மணி.”

அவள் கொல்லைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு பாத்திரத்தை மூன்று தடவை கழுவி, துடைத்து, ஊரில் ஜவுளிக்கடையில் கொடுத்த மஞ்சப்பையில் போட்டுக் கட்டினாள்.

ஸோனிங் விசாரணைக்கு வழக்கமாக ஆறு பேர் வருவார்கள். அதில் இரண்டு பேர் தூங்குவார்கள். அன்றைக்கு டவுன்ஷிப் ஹாலில் உட்கார இடமில்லை. வட்டமாக ஏதோ தருவார்கள் என்று பாதிப் பேர் வந்திருந்தார்கள். மூலையில் பெர்னாடெட் அம்மாள் பெரிய மானிட்டருக்குப் பின்னால் தலை குனிந்து, பேசுவதையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய முத்திரையும் மைப்பெட்டியும் இருந்தன. அந்த முத்திரை விழாமல் ஆல்டர் ஹாலோவில் ஒரு ஆணியும் அடிக்க முடியாது.

வக்கீல் டாரத்தி பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார். “மிஸஸ் ஹாஸ்கல், விண்ணப்பதாரர் உங்களுக்கு ரெண்டு தடவை அன்பளிப்பு கொடுத்திருக்கார். ஒரு தடவை சர்க்கரை, ஒரு தடவை வட்டம். நீங்க அவருக்கு மூணு தடவை கொடுத்திருக்கீங்க. நீங்க இந்த வழக்கிலிருந்து விலகறதுதான் முறை.”

“அன்பளிப்பா?” டாரத்திக்குக் கோபம் வந்துவிட்டது. “அவங்க பாத்திரத்தை நான் திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவுதான். அடுத்தவங்க பாத்திரத்தைக் காலியாத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி எங்கம்மா என்னை வளர்க்கல!”

கிட்டுசாமி எழுந்தார். “மேடம், ஒரு நிமிஷம். யார் பாத்திரத்தை?”

“உங்க பாத்திரத்தைத்தான்.”

“எங்களுதா?” கிட்டுசாமி கண்மணியைப் பார்த்தார்.

“அய்யய்யோ, நம்முளுது இல்லீங்களே! அது அவங்களுதுங்க!” என்றாள் கண்மணி. பிரீத்தி எழுந்து அதை இங்கிலீஷில் சொன்னாள். ஹாலில் முணுமுணுப்புக் கிளம்பியது.

“டிசம்பர் பாட்லக் முடிஞ்சப்ப யாரோ இதை என் கார் டிக்கியில வெச்சுட்டாங்க,” என்றார் டாரத்தி. “ஆகஸ்ட்ல டிக்கியைச் சுத்தம் பண்ணும்போதுதான் பார்த்தேன். மூடியில மஞ்சள் கறை இருந்தது. இந்த ஊர்ல மஞ்சளாச் சமைக்கிறது ஒரே ஒரு வீடுதானே?”

எல்லாத் தலைகளும் கண்மணி பக்கம் திரும்பின.

“நாங்க பாட்லக்குக்குக் கொண்டாந்தது எலுமிச்சைச் சாதம். அதும் அலுமினிய ட்ரேயில. ட்ரேயைக் குப்பையில போட்டதை நானே பாத்தேன்,” என்றார் கிட்டுசாமி.

அப்படியானால் ஒரு மாதமாக இரண்டு வீட்டுக்காரர்களும், தங்களுடையது அல்லாத ஒரு பாத்திரத்தை, அதற்குச் சொந்தமில்லாத இன்னொருவரிடம், மாற்றி மாற்றித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மூலையில் டக் டக் என்று தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார். அவருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும்.

“பாத்திரம் இவருடையதும் இல்லை, அவருடையதும் இல்லை,” என்றார். “தொலைந்துபோன ஒரு பொருளை உரியவரிடம் சேர்க்க ரெண்டு பேரும் நல்ல எண்ணத்தோடு முயற்சி செய்திருக்காங்க. தப்பான வீட்டுக்கு, அவ்வளவுதான். உள்ளே இருந்ததை பேக்கிங் மெட்டீரியல் என்று எடுத்துக்கறேன். மிஸஸ் ஹாஸ்கல் ஓட்டுப் போடலாம்.”

ஓட்டெடுப்பு நடந்தது. கஸ் ‘நோ’ சொன்னார். மற்ற இருவரும் ‘யெஸ்’. டாரத்தி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று ‘யெஸ்’ என்றார். மூன்றுக்கு ஒன்று. கொட்டகை நின்றது. கண்மணி எல்லார் முன்னாலும் கிட்டுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினாலு கருவேப்பிலைக்கும் இரண்டு முருங்கைக்கும் அந்த நிமிஷம் வீடு கிடைத்துவிட்டது. குடும்பத்துக்குச் சாப்பாட்டு மேசை கிடைத்துவிட்டது.

“முத்திரை வாங்கிக்குங்க. அப்படியே அந்தப் பாத்திரத்தையும் கிளார்க்கிட்ட ஒப்படைச்சுடுங்க. தொலைந்த பொருளெல்லாம் டவுன்ஷிப் ஆபீசுக்குத்தான் சேரும்,” என்றார் வக்கீல்.

கிட்டுசாமி மஞ்சப்பையை அவிழ்த்தார். நீல மூடிப் பாத்திரத்தைப் பளபளவென்று வெளியே எடுத்து, அனுமதிக் காகிதத்தோடு பெர்னாடெட் அம்மாளின் மேசையில் வைத்தார். மனசு காற்றாடி மாதிரி லேசாகிவிட்டது.

“பாருங்க மேடம், நீங்க சொன்ன மாதிரியே, சுத்தமான காலிப் பாத்திரம்,” என்றார் பெருமையாக.

பெர்னாடெட் அம்மாள் முத்திரையை மையில் ஒற்றித் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. மறு கையால் பாத்திரத்தை ஒரு தடவை சுற்றித் திருப்பினார். மூடியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். கிட்டுசாமியைப் பார்த்தார். முத்திரையை மெதுவாகக் கொண்டுபோய் மைப்பெட்டிக்குள்ளேயே வைத்தார்.

“டிசம்பர்ல மஞ்சள் கடுகுச் சாஸ் போட்ட உருளைக்கிழங்கு சாலட் வாய் வரைக்கும் நிரப்பிக் கொண்டுவந்தேன். ஒன்பது மாசம் கழிச்சு என் பாத்திரத்தைக் காலியாவா திருப்பிக் கொடுப்பீங்க?”